ஆடும் உடலும் அளக்கும் மரக்காலும்

நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



நினைவுச் சொற்பொழிவு என்றதும் ஒரு நூலையோ ஒரு படைப்பாளியையோ எடுத்துப் பேசுவேன் என்று மன்றத்துத் தோழர்கள் நினைத்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வேலையை. பங்குனி பிறந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களில் இரவெல்லாம் நடக்கிற வேலை அது. கரகாட்டம் என்கிறோம், ராஜா ராணி ஆட்டம் என்கிறோம், மேடை போட்டு சினிமாப் பாட்டுக்கு ஆடினால் ஆடலும் பாடலும் என்கிறோம், முன்பு ரெக்கார்டு டான்ஸ் என்றோம். பெயர் எதுவாக இருந்தாலும் நடுவில் நிற்பது ஒரு பெண். சுற்றி நிற்பது ஓர் ஊர்.

இந்தப் பெண்ணைப் பற்றி நம்மிடம் கதைகள் இல்லாமல் இல்லை. 1989இல் ‘கரகாட்டக்காரன்’ வந்தது, 2016இல் தஞ்சாவூரைக் களமாக வைத்துத் ‘தாரை தப்பட்டை’ வந்தது. ஒன்றில் அவர் காதலி, இன்னொன்றில் பலி. இலக்கியத்திலும் ஏறக்குறைய இந்த இரண்டு நாற்காலிதான் அவருக்குப் போட்டு வைத்திருக்கிறோம். எத்தனை மணி நேரம் ஆடினார், எவ்வளவு கூலி, எங்கே உடை மாற்றினார், மறுநாள் முட்டியை மடக்க முடிந்ததா என்று யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆகவே இன்று அவரைத் தொழிலாளி என்ற ஒரே கோணத்தில் மட்டும் பார்க்கப் போகிறேன். அவர் ஒழுக்கத்தைப் பற்றி இந்த மேடையில் ஒரு வார்த்தையும் வராது.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். ஒவ்வொருவருடைய பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தளிச்சேரியில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவருக்கு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். தலைக்கு ஒரு பங்கு. பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். நெல்லை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் கல்லில் இருக்கிறது. அந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்யலாம், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள இன்னொருவரை வைக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள்.

இதைச் சொல்வதால் அதைப் பொற்காலம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே கோயிலின் நிலக் கல்வெட்டுகளில்தான் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த 100 கலத்தை விளைவித்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். கொண்டுவரப்பட்ட 400 பெண்களுக்கும் வர விருப்பம் இருந்ததா என்று கல் சொல்லாது. நான் காட்ட விரும்புவது ஒன்றுதான். ஆயிரம் ஆண்டுக்கு முன் இதே ஊரில் ஆட்டத்தை ஒரு பணியாகக் கருதி, வீடு, கூலி, அளவை, அடுத்து வருபவர் என எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். இன்று கோயிலுக்கு எட்டுக் கல் தொலைவில் ஒரு மாரியம்மன் திருவிழாவில் ஆடும் பெண்ணுக்குத் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

இடையில் என்ன நடந்தது? பெரிய கதை, சுருக்கமாகவே சொல்கிறேன். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய சதிர் 1930களில் பரதநாட்டியம் என்று பெயர் மாறி மேல்சாதி வீட்டுப் பெண்களின் கலையாக மேடையேறியது. பொட்டுக்கட்டும் வழக்கம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்த ஒழிப்புக்காகப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நம் மண்ணின் பெண். திருவாரூரில் பிறந்து மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரில் வளர்ந்தவர். அவர் கோபம் நியாயமானது. பெண்ணைக் கோயிலுக்கும் மைனருக்கும் பங்கு போட்டதை எதிர்த்த கோபம் அது. ஆனால் சட்டம் வந்த பிறகு சபா மேடை ஒருபுறமும் தெருத் திருவிழா இன்னொருபுறமும் பிரிந்தன. சபாவில் இடுப்பு அசைந்தால் சிருங்காரம், தெருவில் அசைந்தால் ஆபாசம் என்று ஆயிற்று. எது கலை எது ஆபாசம் என்று முடிவு செய்வது பெரும்பாலும் ஆடுகிறவரின் சாதியும் பார்க்கிறவரின் நாற்காலியும்தான். மராட்டியத்தில் தமாஷா ஆடிய தலித் பெண்களைப் பற்றி ஷைலஜா பைக் 2022இல் எழுதிய நூல் இதைத்தான் விரிவாகக் காட்டுகிறது.

இங்கே அண்ணலைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. 1936 ஜூன் 16ஆம் தேதி பம்பாய் பரேலில் தாமோதர் அரங்கில் தேவதாசிகள், ஜோக்தினிகள், போத்ராஜாக்கள் உள்ளிட்டோரிடம் அம்பேத்கர் பேசினார். இந்த வாழ்க்கையை விட்டுவிடுங்கள் என்று வற்புறுத்தினார். விட்டால் எதைத் தின்று பிழைப்பது என்று கேட்பீர்கள், அதை நான் சொல்லப் போவதில்லை, நூறு வழி இருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். சுயமரியாதை என்ற அளவுகோலில் அந்தப் பேச்சை நான் மறுக்கவில்லை. ஆனால் எதைத் தின்பது என்ற கேள்வி அந்த அரங்கோடு முடிந்துபோகவில்லை. அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம், சுரங்கத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு மகப்பேற்று உதவி என்று சட்டங்களைக் கொண்டுவந்தார். 1936இன் அம்பேத்கரை நாம் ஆட்டக்காரப் பெண்ணிடம் பலமுறை கொண்டுபோயிருக்கிறோம். 1942இன் அம்பேத்கரை ஒருமுறைகூடக் கொண்டுபோனதில்லை. என் பேச்சு அந்த இரண்டாவது அம்பேத்கரை நம்பித்தான்.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

காப்புக் கட்டுவதற்கு வெகுமுன்பே விழாக்குழு ஒரு நையாண்டி மேள செட்டைப் பேசிவிடும். நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி எல்லாம் சேர்ந்தது செட். செட்டுக்காரர் ஆட்டக்காரப் பெண்களைப் பேசுவார். நடுவில் பெரும்பாலும் ஒரு தரகர். விழாக்குழு மொத்தம் எவ்வளவு கொடுக்கிறது என்று ஆடுகிறவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் அட்வான்சும், ‘மீதி ஆட்டம் முடிஞ்சதும்’ என்ற பேச்சும்தான். அந்த அட்வான்ஸும் பல நேரம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கியதாக இருக்கும். முன்பெல்லாம் அந்த மாதங்களில் நடவு, களை என்று வயல் வேலை கிடைத்தது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அது சுருங்கிவிட்டது. மழையில் வாங்கிய முன்பணத்தைச் சித்திரையில் காலால் கழிக்க வேண்டும். காய்ச்சல் என்றாலும் கழிக்க வேண்டும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது சரியாக இந்தப் பருவம் தொடங்கும்போது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் மறுபடியும். இரண்டு சித்திரை போனது. வாங்கிய முன்பணம் போகவில்லை, அது கடனாக உட்கார்ந்துவிட்டது.

சாமி புறப்பாட்டோடு தொடங்கும் ஆட்டம் விடிய விடிய நடக்கும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஊராரின் காதுக்கு ஒரு விதி இருக்கிறது, ஆடுகிறவரின் காலுக்கு இல்லை. உடை மாற்றப் பள்ளிக்கூடத் தாழ்வாரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் வேனுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் சேலையைத் திரையாகப் பிடிக்க மூன்றாமவர் மாற்றிக்கொள்வார். நள்ளிரவுக்கு மேல் கூட்டத்தின் முகம் மாறும். பெண்களும் குழந்தைகளும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாராய வாடை நெருங்கி வரும். பாட்டு மாறும். ரூபாய் நோட்டை ரவிக்கையில் ஊக்கால் குத்துவார்கள். அதற்குப் பெயர் அன்பளிப்பு. குத்துகிறவரின் பெயரை அவர் சாதிப் பட்டத்தோடு மைக்கில் வாசிப்பார்கள். ஆடுகிறவரின் பெயரை வாசிப்பதில்லை. சில ஊர்களில் தெருவில் ஆடலாம், ஆடி ஓய்ந்தபின் திண்ணையில் உட்காரக் கூடாது.

மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் ஒரு திருமண மேடையில் ஆடிக்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் ஆட்டத்தை நிறுத்திய பெண்ணின் முகத்தில் சுட்டார்கள். நம் பக்கத்தில் துப்பாக்கி இல்லை. மீதிக் கூலி இருக்கிறது. அதைக் கொடுக்காமல் விடலாம், வேனை மறிக்கலாம், அடுத்த ஆண்டு அந்தப் பெண் வேண்டாம் என்று செட்டுக்காரரிடம் சொல்லலாம். இவை போதும் ஒருவரைத் தொடர்ந்து ஆடவைக்க.

உடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதை யாரும் சொல்வதில்லை என்பதால்தான்.

கரகச் செம்பும் உள்ளே நிரப்பிய அரிசியோ மண்ணோ அதன்மேல் பூவலங்காரமும் சேர்ந்து சில கிலோ எடை. அதைக் கையால் பிடிக்காமல் தலையில் நிறுத்திச் சுழல வேண்டும், ஏணி ஏற வேண்டும், பின்னால் வளைந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுக்க வேண்டும். கழுத்தெலும்பும் இடுப்பும் முட்டியும் இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளும். இருபது வயதில் காட்டாது, முப்பத்தைந்தில் மொத்தமாகக் காட்டும். பரதநாட்டியப் பள்ளியில் ஆடுவதற்கு முன் கால் மணி நேரம் உடலைச் சூடேற்றுவார்கள். செட்டில் வேன் கதவு திறந்ததும் தவில் அடிக்கும். பத்து நிமிடம், கழுத்தையும் தோளையும் கணுக்காலையும் மெதுவாகச் சுழற்றி, பாதி உட்கார்ந்து எழுந்து, அதன் பிறகு கரகத்தை எடுத்தால் தசைப் பிடிப்பு பெருமளவு குறையும். இதைச் செட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

வலிக்கு என்ன செய்கிறார்கள்? மெடிக்கல் கடையில் மாத்திரை கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். ஓர் இரவுக்கு இரண்டு, பருவம் முழுதும் தினம். வலி அமுக்கும் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும்; உடலில் நீர் வற்றியிருக்கும்போது தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீர் ஏன் வற்றுகிறது? பாபநாசம் பக்கத்து அக்கா ஒருவரிடம் இதைக் கேட்டேன். “தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா எங்க போறது தங்கச்சி? அதான் சாயங்காலத்துக்கு மேல குடிக்கறதே இல்ல” என்றார். சித்திரை வெயிலில் காய்ந்த தார்ச் சாலை, ஜிகினா உடை, ஏழெட்டு மணி நேர ஆட்டம், ஒரு வாய் தண்ணீர் இல்லை. சிறுநீர்த் தொற்றுக்கும் மயக்கத்துக்கும் கல்லடைப்புக்கும் வேறு காரணம் தேட வேண்டாம். ஒரு கழிப்பறை இருந்திருந்தால் மாத்திரையில் பாதி மிச்சம்.

ஆகவே ஆடும் தோழிகளுக்கு நான் சொல்வது: குடியுங்கள். கொதித்து ஆறிய நீர் 1 லிட்டருக்குச் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இதை ஒரு பாட்டிலில் கலந்து வேனில் வையுங்கள், பாட்டுக்கு இடையில் இரண்டு மடக்கு. மோர், நீராகாரம் எதுவானாலும் நல்லது. மாதவிடாய் நாளில் நாப்கினை ஐந்தாறு மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும். விடிய விடிய ஒரே நாப்கினோடு ஆடுவது தொடைப் புண்ணில் முடியும். சிறுநீர் எரிந்தாலோ காய்ச்சலோடு இடுப்பு வலித்தாலோ கைவைத்தியத்தில் நாளைக் கழிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

வெறுங்காலில் ஆடுகிறோம், பாதத்தில் கண்ணாடித் துண்டும் ஆணியும் குத்துவது வழக்கம். டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைக் குறித்து வையுங்கள். ஒலிப்பெட்டிக்கு நேர் எதிரில் நிற்பதால் காது போகும். 85 டெசிபெலுக்கு மேல் எட்டு மணி நேரம் கேட்டால் கேட்கும் திறன் குறையத் தொடங்கும், திருவிழாப் பெட்டி அதைவிட வெகு அதிகம். பஞ்சு வைத்தால் அவ்வளவாகத் தடுக்காது, மருந்துக் கடையில் விற்கும் காதடைப்பான் தடுக்கும். முகம் வெளுக்க என்று ஒப்பனைக்கு அடியில் தடவும் ஸ்டீராய்டு களிம்பு தோலை மெலிதாக்கிவிடும். அதை விட்டால் முகம் சில வாரம் சிவந்து எரியும், பயந்து மறுபடி தடவுவார்கள். தோல் மருத்துவரிடம் காட்டித்தான் விட முடியும்.

குடியைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பல செட்டில் ஆட்டத்துக்கு முன் பெண்ணுக்கு ஊற்றிக் கொடுப்பது ஒரு பழக்கம். கூச்சம் போகும், வலி தெரியாது என்பார்கள். வலி தெரியாததால்தான் முட்டி கிழிகிறது. தன்னிலை தெரியாததால்தான் விடியற்காலை வேனில் நடப்பதைத் தடுக்க முடிவதில்லை. ஊற்றிக் கொடுப்பவருக்கு அதில் லாபம் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். வேனில் நடப்பது விருப்பத்தோடு நடந்தாலும் விருப்பமில்லாமல் நடந்தாலும், பால்வினை நோய்க்கும் எச்ஐவிக்கும் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இலவசப் பரிசோதனை உண்டு, முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். விருப்பமில்லாமல் நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் எச்ஐவி தடுப்பு மருந்து கொடுக்க முடியும். நேரம் கடந்தால் முடியாது. இதை ஒவ்வொரு செட்டிலும் ஒரு பெண்ணாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அரசும் நீதிமன்றமும் இந்த வேலையை எப்படிப் பார்க்கின்றன? ஆபாசம் என்ற ஒரே கண்ணாடி வழியாக. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குக் காவல்துறை அனுமதி மறுத்தால் விழாக்குழு மதுரைக் கிளைக்கோ சென்னைக்கோ போகும். நீதிமன்றம் நிபந்தனையோடு அனுமதி கொடுக்கும்: ஆபாச உடை கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி அல்லது கட்சித் தலைவரைப் பற்றிய பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். நல்ல நிபந்தனைகள்தான். நான் படித்த ஆணைகளில் ஆடுகிறவருக்குக் கழிப்பறை வேண்டும், மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் தடுப்பு வேண்டும், அவரைத் தொடக் கூடாது என்று ஒரு வரி இல்லை. வழக்குப் போடும்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294, மேடையில் இருப்பவர் மேல்தான் பாயும். நோட்டுக் குத்தியவர் வேடிக்கை பார்த்தவராகிவிடுவார்.

2023இல் மதுரைக் கிளையின் தீர்ப்பைத் தொடர்ந்து குறவன் குறத்தி ஆட்டத்தைத் தமிழக அரசு தடை செய்தது. தங்கள் சாதியின் பெயரால் ஊரெங்கும் கொச்சைக் கூத்து நடக்கிறது என்று குறவர் மக்கள் சொன்னது முழு நியாயம். எந்த மேடையிலும் ஒரு சாதியின் பெயரைக் கேலிப் பொருளாக்க உரிமை கிடையாது. அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அது ஆடும் பெண்ணின் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. விழாக்குழு பெயரை மாற்றிக்கொண்டு அதே ஆட்டத்தைக் கேட்கிறது. வேலை நிலைமையில் ஒரு நூல் மாறவில்லை.

முழுத் தடை என்ன செய்யும் என்பதற்கு மும்பை இருக்கிறது. 2005இல் மகாராஷ்டிர அரசு மது விடுதிகளில் நடனத்தைத் தடை செய்தது. நட்சத்திர விடுதிகளுக்கு மட்டும் விலக்கு. அதே ஆட்டம், விலை கூடிய நாற்காலி. வேலை இழந்த பெண்கள் 75,000 பேர் என்று அந்த வழக்கில் சொல்லப்பட்டது. பரம்பரையாக ஆடும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் ஏராளம். உயர் நீதிமன்றம் 2006இல் தடையை நீக்கியது, உச்ச நீதிமன்றம் 2013இல் அதை உறுதி செய்தது. எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டில் பிழைக்க வழியில்லாமல் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதை உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. 2019இல் வந்த இன்னொரு தீர்ப்பு நடனத்துக்குப் பரிசுப் பணம் கொடுக்கலாம், ஆனால் நோட்டை வீசக் கூடாது என்றது. வீசுவதற்கும் குத்துவதற்கும் அதிகத் தூரமில்லை. நம் ஊர் அனுமதிச் சீட்டிலும் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

இருக்கிற சட்டங்களில் நமக்குப் பயன்படுகிற மூன்றைச் சொல்கிறேன்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகப் பெண்களுக்கானது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதன் தோற்றமே வேறு. 1992இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவி, குயவர் சாதிப் பெண், மேல்சாதி ஆண்களால் வன்கொடுமைக்கு ஆளானார். அதிலிருந்துதான் 1997இன் விசாகா வழிகாட்டுதல்களும் பிறகு இந்தச் சட்டமும் வந்தன. பணியிடம் என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தில் கேளிக்கைத் தொழில் செய்யும் அமைப்புகளும் வருகின்றன, வேலைக்காகப் போகும் இடமும் வருகிறது, வேலை கொடுப்பவர் ஏற்பாடு செய்த வண்டியும் வருகிறது. அதாவது திருவிழாத் திடலும் வேனும் பணியிடமே. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும், வேலை கொடுப்பவர் மேலேயே புகார் என்றாலும், மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர் புகார்க் குழு இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். ஆட்சியர் அலுவலகத்தில் அந்தக் குழு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நாம் கேட்டால்தான் அவர்களும் தேடுவார்கள்.

இரண்டாவது, ஆடுகிறவர் தலித் அல்லது பழங்குடிப் பெண்ணாக இருந்து, அவர் சம்மதமில்லாமல் பாலியல் நோக்கோடு தொட்டவர் அல்லது அப்படிப் பேசியவர், சைகை காட்டியவர் மற்ற சாதிக்காரராக இருந்தால், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது தனிக் குற்றம். புகார் எழுத 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். உடனடி ஆபத்து என்றால் 181. செட்டில் 18 வயது நிரம்பாத பெண் ஆடினால் அது வேறு விஷயம். அங்கே பேச்சுக்கே இடமில்லை, 1098.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. கைப்பேசியில் ஆட்டத்தைப் பிடித்து அசிங்கமான தலைப்போடு யூடியூபில் போட்டுச் சம்பாதிக்கிறார்கள். ஆடியவரின் பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் பார்க்கிறது. பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞர் என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? நடிகர், பாடகர், நடனக் கலைஞர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவு ஆற்றுபவர். இங்கே நின்று பேசும் நானும் அங்கே கரகம் ஆடும் அவரும் ஒரே வரியில் வருகிறோம். அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்து வெளியிடக் கூடாது; அந்த உரிமை 50 ஆண்டு.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. கல்வி, திருமணம், விபத்து, இறப்பு என்று உதவி உண்டு. பதிவு செய்யுங்கள். ஆனால் மேடையில் சினிமாப் பாட்டுக்கு ஆடும் பெண் கலைஞர் பட்டியலில் வருவதில்லை. தேய்ந்த முட்டிக்கும் அங்கே தலைப்பு இல்லை.

இவ்வளவும் நடந்த பிறகு ஓடுவதற்கான வழிகள். நடப்பதற்கு முன் என்ன செய்யலாம் என்பதற்குப் பதில் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. சாணிப்பாலும் சவுக்கடியும் பண்ணையாளுக்கு விதித்தது என்று இருந்த கீழத்தஞ்சையில் 1940களில் விவசாயச் சங்கம் மிராசுதாரை மேசைக்கு வரவழைத்து எழுத்தில் ஒப்பந்தம் போட வைத்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் பாட்டன்மார் கேட்டது இன்ன நேரம், இன்ன மரக்கால், அடிக்கக் கூடாது என்பதுதான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கு வெண்மணியில் 44 உயிர் கொடுத்தோம். ஆனாலும் எழுத்தில் வந்தது எழுத்தில் நின்றது.

அமெரிக்காவில் ஆடை களைந்து ஆடும் விடுதிகள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் லஸ்ட்டி லேடியில் ஆடிய பெண்கள் 1990களில் சங்கம் அமைத்தார்கள், 2003இல் விடுதியையே கூட்டுறவாக வாங்கி நடத்தினார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்டார் கார்டன் பெண்கள், கை வைக்கும் வாடிக்கையாளரைக் காவலாளி தடுக்கவில்லை, மேடை பழுதாகிக் காலைக் கிழிக்கிறது என்று வேலையை நிறுத்தி, 2023இல் நாடக நடிகர்களின் சங்கத்திலேயே சேர்ந்தார்கள். அவர்கள் பட்டியலை வாசித்தால் நம் அக்காமார் சொன்னதுபோலவே இருக்கும்.

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். விழாக்குழு, செட்டுக்காரர், ஆடுபவர் மூவரும் கையெழுத்துப் போடுவது. மொத்தத் தொகை எவ்வளவு, ஆடுபவருக்கு எவ்வளவு. பாதி முன்பே, மீதி கடைசிப் பாட்டுக்கு முன். எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனைக்கு முடிவு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி ஓய்வு. பூட்டுள்ள அறை, கழிப்பறை, குடிநீர், சாப்பாடு. நோட்டைக் கையில் கொடுக்கலாம் அல்லது தட்டில் போடலாம், உடலில் குத்தக் கூடாது. யாராவது தொட்டால் ஆட்டம் நிற்கும், கூலி நிற்காது. படம் பிடிக்க ஆடுபவரின் சம்மதம் வேண்டும். வேனில் அடிபட்டால் செலவு யாருடையது. காவல் நிலையத்தில் அனுமதிக்குக் கொடுக்கும் மனுவோடு இந்தத் தாளின் நகலையும் இணைக்கச் செய்தால், அப்புறம் இப்படிப் பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆடும் பெண்கள் தனித்தனியாகக் கேட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு வட்டத்தில் ஆடும் எல்லோரும் ஒரே தாளைக் காட்ட வேண்டும். மாதிரித் தாளை அச்சிட்டு வாசலில் வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் விழாக்குழுவில் தோழர்கள் இருந்தால் முதல் கையெழுத்தை அவர்களிடமிருந்தே தொடங்கலாம். தை பிறந்து அட்வான்ஸ் கைமாறிவிட்டால் பேசிப் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகையில், மழையில் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, முன்பணம் வாங்கப் போவதற்கு முன் பேசி முடிக்க வேண்டும்.